கோச்சி என்னும் சொல்

திருகோணமலைக்கு வந்து சேரும் வண்டிக்கு மூன்று பெயர்கள் உண்டு. அரசாங்க அறிவித்தல்களிலும் நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அது ‘புகையிரதம்’. ஆங்கிலம் கற்றோர் பேச்சிலே அது ‘றெயில்’. தம்பலகாமத்து வயல்களிலிருந்து வீடு திரும்பும் உழவர் வாயிலும், கந்தளாய்ச் சந்தையிலே கூடை இறக்கி வைக்கும் மூதாட்டியர் வாயிலும் அது ‘கோச்சி’. வண்டி ஒன்றே, பாதை ஒன்றே, ஏறி இறங்கும் மக்களும் ஒருவரே. பெயர் மாத்திரம் மூன்று.

இம்மூன்றினுள் முதலிரண்டும் ஏட்டிலே இடம்பெற்ற பெயர்கள். மூன்றாவது பெயருக்கு அந்தப் பேறு எளிதிற் கிட்டுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று தன் கட்டுரையிலே ‘கோச்சி வந்தது’ என்று எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டுப் ‘புகையிரதம்’ எனத் திருத்துவர். கோச்சி என்பது கொச்சை என்பது அவர் கருத்து. பிள்ளையும் அதனை நம்பிவிடுகிறது. வீட்டிலே பாட்டி சொல்லும் சொல் பிழையானது என்றும், ஏட்டிலுள்ள சொல்லே சரியானது என்றும் அதன் உள்ளத்திலே ஓர் எண்ணம் பதிகிறது. ஒரு சொல்லை இழப்பது சிறு இழப்பாகத் தோன்றலாம். ஆனால் அச்சொல்லோடு சேர்த்துப் பாட்டியின் அறிவையும் தாழ்வாக எண்ணப் பழகுவது சிறு இழப்பன்று.

ஆகவே கோச்சி என்பது உண்மையிலே கொச்சைதானா, அது எங்கே பிறந்தது, எவ்வழியாக இத்துறைமுகப் பட்டினத்துக்கு வந்தது, அதன் பொருள் யாது என்பவற்றை ஆராய்தல் தகும். அதனை அறியுமுன் அதன் தோழர்களாகிய மற்றை இரு சொற்களையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

புகையிரதம் என்பது கற்றோர் ஆக்கிய சொல். புகை தமிழ்ச்சொல், இரதம் வடசொல். ரகரம் தமிழிலே சொல்லுக்கு முதலாக வாராது என்பது இலக்கண விதி. அதனால் ‘ரதம்’ என்பது இகரத்தை முன்னே பெற்று ‘இரதம்’ ஆயிற்று. இராமன், இராச்சியம் முதலிய சொற்களும் அவ்வாறு வந்தனவே. புகையும் இரதமும் சேருமிடத்து யகர உடம்படுமெய் தோன்றிப் ‘புகையிரதம்’ என நின்றது. புகையை உடைய தேர் என்பது அதன் பொருள்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. சிங்கள மொழியிலே இவ்வண்டிக்கு வழங்கும் ஏட்டுச்சொல் ‘தும்ரிய’ என்பது. ‘தும்’ என்றாற் புகை. வடமொழித் ‘தூமம்’ என்பதன் திரிபு. ‘ரிய’ என்றால் வண்டி. அது ‘ரத’ என்பதன் திரிபு. ஆகவே புகையிரதமும் தும்ரியவும் பகுதிக்குப் பகுதி ஒத்த சொற்கள். ஒரே தீவிலே வாழும் இரு மொழியினரும் ஒரே பொருளைக் கண்டு ஒரே வகையாக வியந்து ஒரே வகையாகப் பெயரிட்டனர். இந்த ஒற்றுமை ஏட்டுச்சொல்லோடு நின்றுவிடவில்லை. சிங்களப் பேச்சுவழக்கிலே இவ்வண்டிக்குப் பெயர் ‘கோச்சிய’. தமிழ்ப் பேச்சுவழக்கிலே ‘கோச்சி’. கற்றோரும் ஒத்தனர், மற்றோரும் ஒத்தனர்.

இனி றெயில் என்னும் சொல். ஆங்கிலத்திலே அது வண்டியைக் குறிப்பதன்று. வண்டி ஓடும் இரும்புச் சட்டத்தைக் குறிப்பது. நேரான கோலைக் குறிக்கும் ‘ரேகுலா’ என்னும் இலத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக இவ்வடிவம் பெற்றது. கோடு கீறும் மட்டக்கோலுக்கு வழங்கும் ‘றூளர்’ என்னும் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழரோ பாதையின் பெயரை அதன்மேற் செல்லும் வண்டிக்கு ஏற்றிச் சொன்னார்கள். இஃது இலக்கண நூலார் கூறும் இடவாகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று கொள்வதுபோல, ‘றெயில் வந்தது’ என்றால் றெயிலின்மேல் ஓடும் வண்டி வந்தது என்று கொள்ளவேண்டும். திருகோணமலை மாவட்டத்தார்க்கு இவ்வழக்கு அந்நியமானதன்று. களப்பையும் கழிமுகத்தையும் கடக்க உதவும் மிதவைக் கலத்தை இப்பகுதியார் ‘பாதை’ என்றே அழைப்பர். கிண்ணியாவிலே 2009ஆம் ஆண்டிற் பெரும் பாலம் திறக்கப்படும் வரையில் மக்கள் நீரைக் கடந்தது அத்தகைய பாதையிலேதான். பிறர்க்கு வழியை மாத்திரம் குறிக்கும் சொல், இங்கே வழியிற் செல்லும் கலத்தையும் குறித்து நின்றது.

இவ்விரு சொற்களின் வரலாறும் இவ்வளவே. கோச்சியின் வரலாறு இவற்றினும் நெடியது. நீராவி எஞ்சினிலும் பழையது.

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவிலே ஹங்கேரி என்னும் நாடு உளது. அதன் பழைய தலைநகராகிய புடாவுக்கும் ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவுக்கும் இடைப்பட்ட நெடுவழியிலே ‘கொச்’ என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டிலே அவ்வூர்த் தச்சர் செய்த குதிரை வண்டி நாடெங்கும் பெயர்பெற்றது. கனத்த பார வண்டிகளையே கண்டு பழகிய காலத்தில், அவ்வண்டி இலகுவானதாகவும் விரைந்து செல்வதாகவும் இருந்தமையே அதற்குக் காரணம். ஹங்கேரிய மொழியிலே ஊர்ப்பெயரின் ஈற்றில் இகரத்தைச் சேர்த்தால் அவ்வூரைச் சேர்ந்தது என்னும் பொருள் தோன்றும். ஆகவே மக்கள் அதனைக் ‘கொச்சி செகேர்’ என்றனர்; கொச் ஊர் வண்டி என்பது பொருள். நாளடைவிலே வண்டி என்னும் பகுதி உதிர்ந்துவிடக் ‘கொச்சி’ என்பதே பெயராக நிலைத்தது. ‘காஞ்சிபுரம் உடுத்தாள்’ என்றாற் காஞ்சிபுரத்துச் சேலையை உடுத்தாள் என்று நம்மவர் விளங்கிக்கொள்வது போன்றதே இது. இன்றும் ஹங்கேரியர் மோட்டார் வண்டியையும் புகையிரதப் பெட்டியையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர்.

நல்ல பொருள் நாடு விட்டு நாடு செல்லும்போது தன் பெயரையும் உடன்கொண்டு செல்லும். கொச் ஊர் வண்டி ஜேர்மானியரிடம் சென்று ‘குட்ஷெ’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரரிடமும் ஸ்பானியரிடமும் போர்த்துக்கேயரிடமும் ‘கோச்செ’ என்னும் வகையான வடிவங்களைப் பெற்றது. ஒல்லாந்தரிடம் ‘கூட்ஸ்’ ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஆங்கிலத்திற் புகுந்து ‘கோச்’ ஆயிற்று. இவ்வாறு ஒரு சிற்றூரின் பெயர் ஒரு கண்டம் முழுவதற்கும் வண்டியின் பெயராகப் பரவியது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கிழக்கிலங்கையிலே மிளகாய்க்குக் ‘கொச்சிக்காய்’ என்னும் பெயர் வழங்குகிறது. ஒலியளவில் இதுவும் கோச்சிக்கு அயலானதாகத் தோன்றும். ஆயின் இரண்டிற்கும் உறவில்லை. கொச்சிக்காயின் கொச்சி, மலையாளக் கரையிலுள்ள துறைமுகத்தின் பெயர் என்பர். அமெரிக்கக் கண்டத்திலே தோன்றிய மிளகாய், போர்த்துக்கேயர் காலத்திலே கடல்வழியாக இக்கரைகளை அடைந்தது. உறவு இல்லையெனினும் இரண்டு சொற்களின் பிறப்பு முறை ஒன்றே. ஒன்று ஹங்கேரிநாட்டு ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்பது. மற்றது மலையாளநாட்டு ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்பது. சந்தைக்குக் கொச்சிக்காய் கொண்டு கோச்சியிற் செல்லும் உழவர், தாம் அறியாமலே இரண்டு தொலைதூர ஊர்களின் பெயர்களை ஒருங்கே சொல்லுகின்றனர்.

இனி, குதிரை வண்டியின் பெயர் நீராவி வண்டிக்கு எவ்வாறு வந்தது என்பதைக் காண்போம். இங்கிலாந்திலே 1830ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் நாள் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே மக்களை ஏற்றிச் செல்ல நீராவி எஞ்சினையே நம்பித் தொடங்கிய முதற் பெரும் பாதை அது. எஞ்சினை ஆக்கும் வழியை ஸ்டீவன்சன் போன்ற பொறியியலாளர் கண்டுவிட்டனர். ஆனால் மக்கள் இருந்து செல்லும் பெட்டி எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை ஒருவரும் அறியார்.  ஆகவே அக்காலத்துத் தச்சர் தாம் அறிந்ததையே செய்தனர். மூன்று குதிரைக் கோச்சுகளின் உடல்களைச் செய்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே சட்டத்தின்மேல் ஏற்றி, இரும்புச் சில்லுகளைப் பூட்டினர். முதலாம் வகுப்புப் பெட்டி அவ்வாறு பிறந்தது. வளைந்த பக்கங்களும், ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கதவுகளும், மூட்டை ஏற்றுவதற்கு மேற்கூரையும், கூரைமேற் காவலாளிக்கு ஓர் ஆசனமும் அதில் இருந்தன. குதிரை போயிற்று, கோச்சு நின்றது. அதனாலேதான் பெட்டியின் பெயர் இன்றளவும் கோச் என்பதாகும்.

பெட்டி மாத்திரமன்று, பெட்டியைச் சூழ்ந்த சொற்களும் குதிரை வண்டியிலிருந்து இறங்கிப் புகையிரதத்தில் ஏறியவையே. ‘கார்ட்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலே 1784ஆம் ஆண்டில் ஜோன் பாமர் என்பவர் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே தபாற் கோச்சு ஓட்டும் முறையைத் தொடங்கிவைத்தார். காட்டுவழியிலே கள்வர் பயம் மிகுதி. அதனால் அரசனுடைய தபாலைக் காப்பதற்கு ஆயுதந்தாங்கிய காவலாளி ஒருவன் வண்டியின் பின்புறத்தில் அமர்ந்து சென்றான். அவனிடம் துப்பாக்கியும், ஊதுகொம்பும், நேரத்தைக் கணிக்கும் கடிகாரமும் இருந்தன. அவனே கார்ட். இன்று அப்பதவியை வகிப்பவர் கையிலே துப்பாக்கி இல்லை. கொம்புக்குப் பதிலாக ஊதுகுழலும், அதனோடு பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் இருக்கின்றன. நேரத்தைக் காக்கும் பொறுப்பு மாத்திரம் அன்றுபோல் இன்றும் அவருடையதே.

‘புக்கிங்’ என்பதும் அத்தகையதே. குதிரைக் கோச்சிலே இருக்கைகள் சில. செல்ல விரும்புவோர் முன்னதாகவே வண்டிக் காரியாலயத்துக்குச் சென்று தம் பெயரைப் புத்தகத்திலே பதிவித்துக்கொள்ளவேண்டும். புத்தகத்திற் பதிவதே புக்கிங். இருப்புப்பாதை வந்த புதிதிலும் எழுதுவினைஞர் ஒவ்வொருவருக்கும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஒரு வண்டியிலே நூற்றுக்கணக்கானோர் ஏறத் தொடங்கியபோது அம்முறை தளர்ந்தது. 1830களின் பிற்பகுதியிலே தோமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அதிபர் எண்ணிட்டு அச்சடித்த சிறு தடித்த அட்டைச்சீட்டை வகுத்தார். இலங்கையிலும் நெடுங்காலமாக மக்கள் கையிலே விளங்கியது அவ்வட்டைச்சீட்டே. புத்தகம் நீங்கியது, ஆயினும் சீட்டு விற்கும் இடத்தின் பெயர் புக்கிங் என்றே நின்றது. ‘றைவர்’ என்பதும் முதலிற் குதிரைகளை ஓட்டுபவனின் பெயரே. இரவு வண்டியை ‘மெயில்’ என்று அழைப்பதும் தபாற் கோச்சின் நினைவேயாகும்.

இலங்கையைப் பொறுத்தவரையில் இத்தொடர்பு இன்னும் நெருங்கியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. அத்தெருவிலே 1832ஆம் ஆண்டிற் குதிரைத் தபாற் கோச்சு ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது தபாற் கோச்சு அது என்று கூறுவர். ஆகவே நீராவி எஞ்சின் இத்தீவின் கரையை அடைவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே கோச்சு என்னும் வண்டியை இந்நாட்டு மக்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். விரைந்து செல்வதும், குறித்த நேரத்திற் புறப்படுவதும், கூலி கொடுத்தோர் எவரையும் ஏற்றிச் செல்வதும் அதன் இயல்புகள்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய காலத்தில், மலைநாட்டு விளைவைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க மாட்டுவண்டிகள் போதாமற்போயின. 1858ஆம் ஆண்டிலே ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் இருப்புப்பாதைக்கு முதல் மண்ணை வெட்டிவைத்தார். 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு 54 கிலோமீற்றர் தூரம் ஓடியது. 1867இற் பாதை கண்டியை அடைந்தது. குதிரைகள் இழுத்துச் சென்ற அதே ஊருக்கு இப்பொழுது நெருப்பும் நீரும் இழுத்துச் சென்றன. விரைந்து செல்லும் பொதுவண்டிக்குப் பழகிய பெயரையே மக்கள் புதிய வண்டிக்கும் வைத்தனர் என்பதில் வியப்பில்லை.

சொல்லின் ஈற்றிலுள்ள இகரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஆங்கிலக் ‘கோச்’ என்பது நேராகத் தமிழிற் புகுந்திருந்தால், பஸ் என்பது ‘பஸ்சு’ ஆவதுபோலக் ‘கோச்சு’ என உகரம் பெற்று நிற்பதே இயல்பு. இகர ஈற்றை நோக்குமிடத்துப் போர்த்துக்கேயரின் ‘கோச்செ’ என்பதும், சிங்களத்தாரின் ‘கோச்சிய’ என்பதும் நினைவுக்கு வருகின்றன. மேசை, அலுமாரி, சாவி, வாங்கு, பாண் முதலியன போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. திருகோணமலையோ போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நால்வகை ஐரோப்பியரையும் ஒருவர்பின் ஒருவராகக் கண்ட துறைமுகம். எந்த வாயிலாற் புகுந்ததாயினும் கோச்சி என்னும் சொல்லின் ஊற்று அந்த ஹங்கேரியச் சிற்றூரே. வியப்பு யாதெனில், ஆங்கிலேயர் ஈற்று இகரத்தை இழந்துவிட்டனர். ஆனாற் கிழக்கிலங்கை உழவர் சொல்வது, முதலெழுத்தின் நெடிலை நீக்கிவிட்டால், ஹங்கேரிநாட்டு உழவர் சொல்வதாகவே ஒலிக்கிறது.

ஒரு பெட்டியின் பெயர் முழு வண்டித்தொடருக்கும் ஆகிவந்தது ஏன் என்பதும் வினவத்தக்கது. ஆங்கிலேயர் பெட்டியைக் கோச் என்றும், தொடரை ‘ட்ரெயின்’ என்றும் பிரித்துச் சொல்வர். ட்ரெயின் என்பது இழுத்தல் என்னும் கருத்திலே பிறந்த சொல். ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டுச் செல்வது அதன் பொருள். தமிழ்நாட்டார் ஆக்கிய ‘தொடர்வண்டி’ என்னும் சொல் அக்கருத்தை நன்கு உணர்த்தும். ஆனாற் பயணஞ்செய்வோனுக்குத் தொடர் ஒரு பொருட்டன்று. எஞ்சின் எங்கோ முன்னே நிற்கிறது. கடைசிப் பெட்டி எங்கோ பின்னே நிற்கிறது. அவன் கண்ணுக்கு நேரே நிற்பதும், அவன் காலெடுத்து வைப்பதும், அவன் மூட்டையை இறக்கி அமர்வதும் ஒரு பெட்டியிலேயே. சந்திப்பு நிலையங்களிலே தொடரைப் பிரித்து, சில பெட்டிகளை ஒரு திசைக்கும் சில பெட்டிகளை மறுதிசைக்கும் அனுப்புவது எந்நாட்டு இருப்புப்பாதையிலும் உள்ள வழக்கம். அங்கே பயணியை ஊர் சேர்ப்பது தொடர் அன்று, அவன் இருக்கும் பெட்டியே. ஆகவே மக்கள் உறுப்பின் பெயரை முதலுக்கு ஆக்கினர். நன்னூலார் இதனைச் சினையாகுபெயர் என்பர். ஊரின் பெயர் வண்டிக்கு ஆனபோது இடவாகுபெயர். பெட்டியின் பெயர் தொடருக்கு ஆனபோது சினையாகுபெயர். எழுத்தறியாதார் வாயிலே வழங்கும் சொல் இலக்கணத்தின் இரண்டு படிகளை முறையாக ஏறியிருக்கிறது. இதனைக் கொச்சை என்று தள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

திருகோணமலையைப் பொறுத்தவரையில் வண்டி பிந்திவந்தது, பெயர் முந்திவந்தது. வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. தலைமன்னார்ப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகத்தை உடையதாயினும் திருகோணமலை 1927ஆம் ஆண்டு வரையில் இருப்புப்பாதை இன்றியே இருந்தது. மாகோவிலிருந்து கிழக்கு நோக்கி வந்த பாதை கல்லோயாச் சந்தியிலே பிரிந்தது. ஒரு கிளை கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலையை அடைந்தது. மறுகிளை அடுத்த ஆண்டாகிய 1928இல் மட்டக்களப்பை அடைந்தது. அதுவரையில் இப்பட்டினத்தார் கொழும்பு செல்வதாயின் கடல்வழியே சுற்றவேண்டும். அன்றிக் கண்டித் தெருவிலே காட்டைக் கடக்கவேண்டும். கப்பலுக்கும் தோணிக்கும் வத்தைக்கும் வள்ளத்துக்கும் வகைவகையாகப் பெயர் வைத்திருந்த மக்கள், கரைவழியாக வந்த இப்புதிய ஊர்திக்குப் பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தீவின் பிறபகுதிகளில் அறுபது ஆண்டுகளாக ஓடிப் பழகிய வண்டி, தன் பெயரோடு வந்து சேர்ந்தது.

அவ்வண்டி அக்காலத்தில் உண்மையாகவே புகையிரதம். நிலக்கரியைத் தின்று நீரைக் குடித்துக் கரும்புகையைக் கக்கி வந்தது. இரண்டாம் உலகப் போரிலே திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. 1957ஆம் ஆண்டிலே பிரித்தானியர் கடற்படைத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். அதற்கு முன்னரே புகையின் காலமும் மறையத் தொடங்கியிருந்தது. 1950களிலே டீசல் எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய எஞ்சின்கள் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி இந்நாட்டுக் காடுகளினூடே ஓடின. 1960களின் முடிவோடு நீராவி எஞ்சின்கள் நாளாந்தச் சேவையிலிருந்து நீங்கின. டீசல் எஞ்சினும் சிறிது புகைவிடுவது உண்மையே. ஆயினும் பெயருக்குக் காரணமாயிருந்த அக்கரும்புகை அது அன்று. புகையிரதம் என்னும் சொல்லிற் புகை இன்று நினைவாகவே நிற்கிறது.

இவ்விடத்தே ஏட்டுச்சொல்லும் வாய்ச்சொல்லும் ஒரே நிலையில் நிற்பதைக் காணலாம். புகையிரதத்திற் புகை இல்லை, தேரும் இல்லை. கோச்சியிற் குதிரை இல்லை. புக்கிங்கிற் புத்தகம் இல்லை. கார்டின் கையில் ஆயுதம் இல்லை. பொருள் மாறிய பின்னரும் பெயர் நிற்பது மொழியின் குறையன்று. அதுவே மொழியின் ஞாபகசக்தி. அந்த ஞாபகசக்தி எவ்வளவு வலியது என்பதை இந்நாட்டுப் போர்க்காலம் காட்டியது. வடக்கிலே 1990ஆம் ஆண்டிற் புகையிரதச் சேவை நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014ஆம் ஆண்டிலேதான் வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. திருகோணமலைப் பாதையிலும் போர் நிகழ்ந்த ஆண்டுகளிற் சேவை தடைப்பட்டதுண்டு. வடக்கிலே இருபத்துநான்கு ஆண்டுகளாக ஒரு தலைமுறை வண்டியைக் காணாமலே வளர்ந்தது. பாதை அழிந்த இடத்திலும் சொல் அழியவில்லை. வண்டியைக் காணாத பிள்ளைகளுக்குப் பெரியோர் அதனைப் பெயர்சொல்லியே கதை கூறினர். மீண்டும் வண்டி வந்தபோது அதற்கு யாரும் புதுப்பெயர் சூட்டவில்லை.

சொல்லாக்கம் கற்றோர்க்கு உரிய கடமை. திருகோணமலை இந்துக் கல்லூரியோடு தொடர்புடையவராய் விளங்கிய விபுலாநந்த அடிகள் 1930களிலே சென்னையிற் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை பூண்டு உழைத்தார்கள். அத்தகையோர் வகுத்த நெறியினாலேயே விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முடிந்தது. புகையிரதம் போன்ற சொற்கள் அறிவித்தலுக்கும் சட்டத்துக்கும் பாடநூலுக்கும் வேண்டப்படுவன. அவற்றை மறுப்பார் எவரும் இலர். ஆனாற் கற்றோர் சொல்லை ஆக்கும்போது மக்கள் வாளாவிருப்பதில்லை. அவர்களும் கண்டதற்குப் பெயரிடுகின்றனர். கேட்ட சொல்லைத் தம் நாவுக்கு இசைய வளைக்கின்றனர். பகுதியின் பெயரால் முழுமையைக் குறிக்கின்றனர். அவர்கள் எழுதி வைப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஆகவே பிள்ளையின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் ‘புகையிரதம்’ என்று எழுதக் கற்பிக்கட்டும்; அது வேண்டியதே. அதனோடு, வீட்டிலே வழங்கும் கோச்சி என்னும் சொல் பிழையன்று, பேச்சுக்கு உரிய பழஞ்சொல் என்பதையும், அதற்கு ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டென்பதையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், பிள்ளை இரண்டு சொற்களை அறியும், பாட்டியையும் மதிக்கும். ஹங்கேரிநாட்டுத் தச்சரும், இங்கிலாந்தின் தபாற்காவலரும், கண்டித் தெருவின் குதிரைகளும், தம்பலகாமத்து உழவரும் சேர்ந்து காத்த சொல் அது. இரண்டு சொற்களுக்கும் தமிழிலே இடமுண்டு. ஒன்று ஏட்டிலே நிற்கட்டும். மற்றது நாவிலே வாழட்டும்.